சம்மதத்தின் பெயரால் நுழையும் மென்பொருள்கள்

தனிநபர் கணினியிலும் கைபேசியிலும் உரிமையாளர் விரும்பாத மென்பொருள்கள் இடம்பிடிப்பதைக் கணினிப் பாதுகாப்புத் துறையினர் இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். வைரஸ், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர், வங்கிக் கடவுச்சொல்லைத் திருடும் டிரோஜன் ஆகியவை தீநிரல்கள்; அவற்றை எழுதுவதும் பரப்புவதும் பெரும்பாலான நாடுகளில் குற்றம். இவற்றுக்கு அடுத்தபடியாக, உலாவியின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றிவிடும் டூல்பார்கள், பார்க்கும் இணையப் பக்கங்களில் எல்லாம் விளம்பரத்தைச் செருகும் நிரல்கள், இல்லாத பழுதைக் காட்டி மிரட்டி விற்கப்படும் துப்புரவு மென்பொருள்கள், விளக்கு எரியவைக்கும் சிறு வசதிக்காகத் தொடர்பு எண்களையெல்லாம் கேட்கும் செயலிகள் என்று பெரியதொரு கூட்டம் இருக்கிறது. ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் இந்தக் கூட்டத்தை ‘வேண்டாததாக இருக்கக்கூடிய நிரல்’ என்ற தயக்கமான பெயரால் குறிக்கின்றன. இக்கட்டுரையில் அவை வேண்டா நிரல்கள் எனப்படும். இவ்விரு கூட்டங்களையும் பிரிக்கும் கோடு, விளையும் தீமையின் அளவை வைத்துப் போடப்பட்டது என்று பொதுவாக நம்பப்படுகிறது. கடந்த 25 ஆண்டு வழக்குகளையும் ஆய்வுகளையும் வரிசையாகப் படித்தால் அந்த நம்பிக்கை நிலைப்பதில்லை. இரண்டாவது கூட்டத்தின் கையில் பயனரின் சம்மதத்துக்கான ஏதோவொரு சான்று இருக்கிறது என்பதே முக்கியமான வேறுபாடு. ஆகவே அந்தச் சான்று எவ்வாறு தயாரிக்கப்படுகிறது என்று பார்க்காமல் இந்த நிரல்களைப் புரிந்துகொள்ள முடியாது.

இந்தத் தொழிலின் தொடக்கம் 1990களின் இறுதியில், இலவச மென்பொருளுக்கு விளம்பர வருமானத்தால் ஈடுகட்டலாம் என்ற எண்ணம் பரவிய காலத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் கேட்டர் என்ற நிறுவனம் கடவுச்சொற்களை நினைவில் வைத்துக்கொண்டு படிவங்களைத் தானாக நிரப்பும் பயனுள்ள ஒரு கருவியை இலவசமாக வழங்கியது. அக்கருவியோடு சேர்ந்து வந்த விளம்பர நிரல், பயனர் எந்தெந்தத் தளங்களுக்குச் செல்கிறார் என்று கவனித்து, ஒரு நிறுவனத்தின் தளத்தைத் திறக்கும் வேளையில் அதன் போட்டியாளரின் விளம்பரத்தை மேலே எழச்செய்தது. வாஷிங்டன் போஸ்ட், நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட பதிப்பாளர்கள் 2002இல் வழக்குத் தொடுத்தார்கள்; அது சமரசத்தில் முடிந்தது. 2003இல் கிளாரியா என்று பெயரை மாற்றிக்கொண்ட அதே நிறுவனம், தன் மென்பொருளை உளவு நிரல் என்று எழுதியமைக்காக பிசி பிட்ஸ்டாப் என்ற கணினிச் சோதனைத் தளத்தின் மீது அவதூறு வழக்குப் போட்டது. அந்தத் தளம் சமரசத்துக்கு வந்து, குறிப்பிட்ட பக்கங்களை நீக்கியது. பயனர்தான் ‘ஏற்கிறேன்’ என்று சொடுக்கினாரே, பிறகு எப்படி இது உளவாகும் என்பதே இத்தகைய நிறுவனங்கள் எங்கும் முன்வைத்த வாதம். பாதுகாப்பு நிறுவனங்கள் தயக்கமான பெயர்களைத் தேர்ந்ததற்கு அந்த வாதமும் அதன் பின்னால் நின்ற வழக்கறிஞர்களுமே முக்கியக் காரணம்.

அந்தச் சொடுக்கின் மதிப்பு எவ்வளவு என்பதை அதே பிசி பிட்ஸ்டாப் ஒருமுறை சோதித்துப் பார்த்தது. தன் மென்பொருள் ஒன்றின் உரிம ஒப்பந்தத்துக்குள், இதைப் படித்துவிட்டுக் குறிப்பிட்ட முகவரிக்கு எழுதுபவருக்குப் பரிசு உண்டு என்ற வரியைச் சேர்த்துவைத்தது. நான்கு மாதங்கள் கழிந்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவிறக்கிய பிறகே ஒருவர் எழுதினார். அவருக்கு 1000 டாலர் கிடைத்தது. பயனர்களின் சோம்பலுக்கு எடுத்துக்காட்டாக இச்செய்தி அடிக்கடி சொல்லப்படுகிறது. அவ்வாறு படிப்பது நியாயமில்லை. பல பக்கங்களுக்கு நீளும் சட்ட வாசகத்தைப் படித்துப் புரிந்துகொண்டு, ஒரு வரியைக்கூட மாற்றும் உரிமையின்றி ஏற்கவோ விலகவோ வேண்டிய நிலையில் இருப்பவர் படிக்காமல் விடுவது அறிவுள்ள முடிவுதான். யாரும் படிக்கமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்துகொண்டு, முக்கியமான செய்தியை அந்த வாசகத்துக்குள் வைப்பவரிடமே கேள்வி கேட்கப்பட வேண்டும்.

அமெரிக்க நுகர்வோர் நலனைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியது 2000களின் நடுப்பகுதியில்தான். முன்பு 180சொல்யூஷன்ஸ் என்ற பெயரில் இயங்கிய ஸாங்கோ நிறுவனம், ஏமாற்று வழிகளில் 7 கோடி முறைக்கு மேல் தன் விளம்பர நிரலை நிறுவச்செய்து, 690 கோடிக்கும் மேற்பட்ட விளம்பரங்களை எழச்செய்தது என்றும், அந்நிரலைக் கண்டுபிடிப்பதும் நீக்குவதும் வேண்டுமென்றே கடினமாக்கப்பட்டிருந்தன என்றும் அந்தக் கமிஷன் குற்றம் சாட்டியது. 2006 நவம்பரில் 30 லட்சம் டாலர் கட்ட ஸாங்கோ ஒப்புக்கொண்டது. ஆனால் அதே ஸாங்கோ, தன் நிரலைத் தடுத்த காஸ்பர்ஸ்கி ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்கத் தயங்கவில்லை. பயனருக்கு ஆட்சேபத்துக்குரிய உள்ளடக்கத்தை வடிகட்டும் கருவியை வழங்குவோருக்கு அமெரிக்கச் சட்டம் தரும் பாதுகாப்பு ஆன்டிவைரஸுக்கும் பொருந்தும் என்று ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்த பிறகே பாதுகாப்பு நிறுவனங்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. பத்தாண்டு கழித்து, 2019இல், எனிக்மா சாஃப்ட்வேர் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம் இந்தப் பாதுகாப்பைச் சற்றுக் குறுக்கி, போட்டியாளரை முடக்கும் நோக்கத்தோடு தடுத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தால் அது செல்லாது என்றது. ஒரு நிரல் வேண்டாதது என்று பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி இன்றும் முழுமையாகத் தீர்க்கப்படவில்லை.

பெயர்கள் மாறினாலும் தொழிலின் பொருளாதாரம் நன்றாகவே தெரிய வந்திருக்கிறது. ஒரு நிரலை ஒரு கணினியில் நிறுவச்செய்தால் இவ்வளவு கட்டணம் என்ற ஏற்பாட்டில் இயங்கும் இடைத்தரகர் வலைப்பின்னல்களை கூகுள் ஆய்வாளர்களும் நியூயார்க் பல்கலைக்கழகத்தாரும் ஓராண்டு கவனித்து, 2016இல் ஆய்வுரை வெளியிட்டார்கள். நிறுவலுக்கு 10 சென்ட் முதல் ஒன்றரை டாலர் வரை விலை இருந்தது. நாட்டைப் பொறுத்து விலை மாறியது. இவ்வகைப் பதிவிறக்க முயற்சிகள் வாரத்துக்கு 6 கோடிக்கு மேல் என்றும், அது தீநிரல் பதிவிறக்க முயற்சிகளைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்றும் அவர்கள் கணித்தார்கள். இதில் மூவருக்கும் ஆதாயம் இருக்கிறது. காணொளி இயக்கியோ கோப்புகளைச் சுருக்கும் கருவியோ இலவசமாகத் தருபவர், தம் நிறுவுநிரலை இடைத்தரகரின் உறையால் சுற்றிக்கொடுத்துப் பணம் பெறுகிறார்; இடைத்தரகர் ஒவ்வொரு நிறுவலிலும் பங்கு எடுக்கிறார்; விளம்பரத்தைச் செருகியோ தேடுபொறியை மாற்றியோ வருமானம் பார்ப்பவர் கொடுத்த கட்டணத்தை விரைவில் மீட்டுவிடுகிறார். இந்தச் சங்கிலியில் பயனரின் சொடுக்கு ஒரு கச்சாப் பொருள். அதைக் குறைந்த செலவில் அதிகமாக உற்பத்தி செய்பவரே வெல்கிறார்.

நிறுவுநிரல்களின் திரைகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கு இதுவே விளக்கம். ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்ற வழியைத் தேர்ந்தால் கூடுதல் நிரல்கள் எல்லாம் உள்ளே வரும். ‘மேம்பட்ட பயனர்களுக்கு’ என்று மிரட்டும் வழியைத் தேர்ந்தவருக்கு மட்டுமே அவற்றை விலக்கும் கட்டங்கள் தெரியும். ஏற்கும் பொத்தான் வண்ணத்தில் பெரிதாக இருக்க, மறுக்கும் பொத்தான் செயலற்றதுபோல் சாம்பல் நிறத்தில் கிடக்கும். கட்டங்களில் முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கும். இவை பெயர் தெரியாத தளங்களில் மட்டும் நடந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. ஜாவா மென்பொருளைப் புதுப்பிக்கச் சென்ற கோடிக்கணக்கானோருக்குப் பல ஆண்டுகள் ஆஸ்க் டூல்பார் உடன் வந்தது. வலையமைப்புகளைச் சோதிக்க உதவும் என்மேப் என்ற கட்டற்ற மென்பொருளை டவுன்லோட்.காம் தளம் தன் உறையில் சுற்றி டூல்பாரோடு வழங்கியபோது, அதை எழுதியவரே 2011 டிசம்பரில் வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டியிருந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பெருமைக்குரிய இல்லமாக விளங்கிய சோர்ஸ்ஃபோர்ஜ், படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருளின் நிறுவுநிரலில் விளம்பரச் சலுகைகளைச் சேர்த்தமைக்காக 2015இல் அடைந்த அவப்பெயர் நெடுங்காலம் நீங்கவில்லை. பயனர் நம்பிவரும் இடங்களே இந்தச் சந்தையில் அதிக விலைக்குப் போயின.

நம்பிக்கை விலைபோனதன் மிகத் தெளிவான சான்று லெனோவோ மடிக்கணினிகளில் கிடைத்தது. 2014இன் பிற்பாதியில் தொடங்கிச் சில மாதங்கள், அந்நிறுவனம் வீட்டுப் பயன்பாட்டுக்கான தன் மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் நிறுவனத்தின் விஷுவல் டிஸ்கவரி என்ற விளம்பர நிரலைத் தொழிற்சாலையிலேயே நிறுவி விற்றது; அமெரிக்காவில் மட்டும் சுமார் 7.5 லட்சம் கணினிகள் இவ்வாறு விற்கப்பட்டன. பயனர் பார்க்கும் பொருளின் படத்தை ஒத்த வேறு கடைகளின் பொருள்களைக் காட்டுவது அதன் வேலை. ஆனால் வங்கிகளும் கடைகளும் பயன்படுத்தும் குறியாக்கம், அதாவது உலாவிக்கும் தளத்துக்கும் இடையே செல்லும் தகவலை மூன்றாமவர் படிக்க முடியாதபடி மாற்றும் முறை, அதற்குத் தடையாக இருந்தது. ஒரு தளம் தான் யார் என்று மெய்ப்பிக்க டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றைக் காட்டும். அதில் கையொப்பமிட்டது நம்பத்தக்க அமைப்புதானா என்று, கணினியில் முன்பே பதிவாகியுள்ள வேர்ச் சான்றிதழ்களோடு உலாவி ஒப்பிடும். சூப்பர்ஃபிஷ் தன் சொந்த வேர்ச் சான்றிதழை விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலுக்குள் நுழைத்துவிட்டு, பயனர் திறக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் அந்தந்த நொடியிலேயே போலிச் சான்றிதழ் தயாரித்து, இடையில் அமர்ந்து எல்லாவற்றையும் படித்தது. முத்திரையிட்ட உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, அதே முத்திரையின் நகலைக் குத்தி ஒட்டித் தரும் அஞ்சல்காரரின் செயலுக்கு ஒப்பானது இது. உலாவியின் பூட்டுச் சின்னம் எப்போதும்போல் காட்சியளித்தது.

இதற்குமேல் ஒரு பிழை இருந்தது. எல்லாக் கணினிகளிலும் வேர்ச் சான்றிதழின் ரகசியத் திறவுகோல் ஒன்றே. 2015 பிப்ரவரியில் பாதுகாப்பு ஆய்வாளர் ராபர்ட் கிரஹாம் அதைப் பிரித்தெடுத்துக் கடவுச்சொல்லையும் கண்டுபிடித்தார். இடைமறிப்புத் தொழில்நுட்பத்தை விற்ற கோமோடியா நிறுவனத்தின் பெயரே கடவுச்சொல்லாக இருந்தது. அந்தத் திறவுகோலை வைத்திருக்கும் எவரும், ஒரு காப்பிக் கடையின் வைஃபையில் இருந்துகொண்டு, அத்தகைய கணினி வைத்திருப்பவரின் வங்கித் தளத்தைப் போலியாகக் காட்ட முடியும் என்ற நிலை உருவாயிற்று. நிரலை நீக்கினாலும் வேர்ச் சான்றிதழ் கணினியிலேயே தங்கியது. விளம்பரம் காட்டும் ஒரு நிரல், எந்தத் திருட்டு நோக்கமும் இல்லாமலே, தேர்ந்த திருடன் விரும்பிச் செய்யக்கூடியதைவிட அதிகமாகக் கதவுகளைத் திறந்துவிட்டது. தீமையின் அளவால் இரு கூட்டங்களைப் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

சம்மதம் பெறப்பட்ட விதமோ இன்னும் கூர்ந்து பார்க்கத்தக்கது. ஃபெடரல் டிரேட் கமிஷன் 2017இல் தாக்கல் செய்த புகாரின்படி, பயனர் முதன்முறை ஒரு கடைத் தளத்துக்குச் செல்லும்போது ஒரு சிறு பெட்டி ஒரே ஒருமுறை எழுந்தது. பெட்டியை மூடும் குறியைச் சொடுக்கினாலும், திரையில் வேறு எங்கு சொடுக்கினாலும், பயனர் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்பட்டது. விலகுவதற்கான சிறிய இணைப்பைத் தேடிக் கண்டுபிடித்துச் சொடுக்கியவருக்கும் விளம்பரம் மட்டுமே நின்றது. இடைமறிப்பு தொடர்ந்து நடந்தது. மறுப்பைத் தெரிவிக்க ஒருவர் செய்யக்கூடிய இயல்பான செயலை, அதாவது பெட்டியை மூடுவதை, சம்மதமாகக் கணக்கிட்டதும், உண்மையான மறுப்பைக்கூட மதிக்காமல் விட்டதும் கவனக்குறைவால் நேர்ந்தவையாக இருக்க முடியாது. யாரோ அமர்ந்து யோசித்து வடிவமைத்தவை அவை. 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் தருவதாகவும், இனி இத்தகைய நிரலை நிறுவுமுன் தெளிவான சம்மதம் பெறுவதாகவும் லெனோவோ ஒப்புக்கொண்டது.

இதற்குப் பத்தாண்டு முன்பே இசைத்தட்டு வழியாக ஒரு முன்னோட்டம் நடந்திருந்தது. சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் சில குறுந்தகடுகள், நகலெடுப்பதைத் தடுப்பதற்காக, கணினியில் ரூட்கிட் ஒன்றை, அதாவது இயங்குதளத்தின் பார்வையிலிருந்தே தன்னை மறைத்துக்கொள்ளும் நிரலை, நிறுவின என்பதைக் கணினி வல்லுநர் மார்க் ருசினோவிச் 2005 அக்டோபர் 31 அன்று வெளியிட்டார். உரிம ஒப்பந்தம் மென்பொருள் நிறுவப்படும் என்று கூறியது. அது ஒளிந்துகொள்ளும் என்று கூறவில்லை. குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது மறைத்ததால், வேறு தீநிரல்களும் அந்த நிழலில் பதுங்கின. நீக்குவதற்கென்று நிறுவனம் இணையத்தில் தந்த கருவி புதிய பாதுகாப்பு ஓட்டையைத் திறந்ததை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட் ஃபெல்டனும் அலெக்ஸ் ஹால்டர்மனும் காட்டினார்கள்.

அச்சத்தால் பெறப்படும் சம்மதம் தனி வகை. வின்ஃபிக்ஸர், டிரைவ்கிளீனர் போன்ற பெயர்களில் போலி ஆன்டிவைரஸ்களை விற்ற இன்னவேட்டிவ் மார்க்கெட்டிங் நிறுவனம், இணைய விளம்பரத்துக்குள்ளேயே கணினியைச் சோதிப்பதுபோல் ஒரு காட்சியை ஓட்டி, இல்லாத வைரஸ்களைக் கணக்குக் காட்டி, பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பணம் கட்டவைத்தது என்று 2008இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குத் தொடுத்தது; 2012இல் 16.3 கோடி டாலர் கட்டும்படி தீர்ப்பு வந்தது. பணம் கட்டியவர்கள் தாமே அட்டை எண்ணைத் தட்டச்சு செய்தார்கள் என்பதை எவரும் சம்மதமாக ஏற்கவில்லை. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகள், பயனரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்பு உத்திகளைப் பட்டியலிட்டபோது, வைரஸ் இருப்பதாக நம்பவைத்துப் போலிக் கருவியை விற்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தன.

உண்மையான ஆன்டிவைரஸும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக இல்லை என்பது வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியது. இணையத்தில் பின்தொடரப்படுவதிலிருந்து காப்பதாக விளம்பரம் செய்த அவாஸ்ட், தன் பயனர்களின் உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியே நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்றது என்பதற்காக, 2024இல் 1.65 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

கணினியிலிருந்து கைபேசிக்கு வரும்போது சம்மதத்தின் வடிவம் மாறுகிறது. நிறுவுநிரலின் குறியிட்ட கட்டத்துக்குப் பதிலாக அனுமதி கேட்கும் பெட்டி வருகிறது. ஆண்ட்ராய்டில் 2015 வரை ஒரு செயலியை நிறுவும்போதே அது கேட்கும் அனுமதிகள் அனைத்தையும் மொத்தமாக ஏற்க வேண்டும், இல்லையேல் செயலியே கிடைக்காது. ஆண்ட்ராய்டு 6 வந்த பிறகுதான் ஒவ்வொன்றையும் தனித்தனியே மறுக்கும் வசதி வந்தது. ஆனால் பணத்தேவை அவசரமாக இருக்கும்போது அந்த வசதி எதற்கும் உதவாது என்பதை இந்தியாவின் உடனடிக் கடன் செயலிகள் காட்டின. பெருந்தொற்றுக் காலத்தில் பெருகிய இச்செயலிகள், சில ஆயிரம் ரூபாய் கடனுக்கு ஈடாகத் தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்கும் அனுமதியைக் கேட்டன; தவணை தவறியதும் உறவினருக்கும் உடன் பணியாற்றுவோருக்கும் அழைத்து இழிவுபடுத்தின; திருத்தப்பட்ட ஆபாசப் படங்களை அனுப்பின. தெலங்கானாவில் தற்கொலைகள் நிகழ்ந்த பின்னரே நாடு விழித்தது. ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு, 2021இன் முதல் இரண்டு மாதங்களில் இந்தியப் பயனர்களுக்குக் கிடைத்த சுமார் 1100 கடன் செயலிகளில் 600 சட்டத்துக்குப் புறம்பானவை என்று கண்டது.

இச்செயலிகளைத் தீநிரல் என்று எந்த ஆன்டிவைரஸும் எளிதில் அடையாளம் காண முடியாது. அவை கைபேசியின் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கேட்டுப் பெற்ற அனுமதியையே பயன்படுத்தின. ஆனால் யாருடைய அனுமதி அது? கடன் வாங்கியவரின் பட்டியலில் இருந்த நூற்றுக்கணக்கானோரில் ஒருவரும் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. துணைவரின் கைபேசியில் ரகசியமாக நிறுவிக் கண்காணிக்கும் செயலிகளிலும் இதே குறைதான்: சம்மதம் தருபவர் ஒருவர், பாதிக்கப்படுபவர் வேறொருவர். இந்த உண்மையை ஏற்றால், பயனருக்கு இன்னும் தெளிவாக எச்சரிக்கை காட்டுவது என்ற வழக்கமான தீர்வு போதாது என்பது விளங்கும்.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அந்தத் திசையில் எடுத்த அடி முக்கியமானது. கோப்புகள், தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள் ஆகியவற்றைக் கடன் செயலிகள் அணுகவே கூடாது; வாடிக்கையாளரைச் சரிபார்க்கத் தேவையான கேமரா, ஒலிவாங்கி, இருப்பிடம் போன்றவற்றை மட்டும் ஒருமுறை, வெளிப்படையான ஒப்புதலோடு அணுகலாம் என்று அவை கூறின. கூகுளும் 2023 மே இறுதியிலிருந்து தன் பிளே ஸ்டோரில் உள்ள கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் அணுகுவதைத் தடைசெய்தது. பயனர் மனமுவந்து ஒப்பினாலும் செல்லாது என்று சில அணுகல்களை விலக்கிவைக்கும் இம்முறை, உரிம ஒப்பந்தத்தை இன்னும் எளிய நடையில் எழுதச்சொல்லும் அறிவுரைகள் அனைத்தையும்விடப் பயன்மிக்கது. பிளே ஸ்டோருக்கு வெளியே, வாட்ஸ்அப் வழியாக நேரடிக் கோப்பாக வரும் செயலிகளை அது எட்டாது என்பது அதன் எல்லை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, சம்மதம் சுதந்திரமாகவும் குறிப்பானதாகவும் விவரம் அறிந்ததாகவும் நிபந்தனையற்றதாகவும் ஐயத்துக்கு இடமற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது; குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான தரவோடு அது நின்றுவிட வேண்டும் என்றும் சேர்க்கிறது. சட்டம் தானே தரும் எடுத்துக்காட்டு தொலைமருத்துவச் செயலி ஒன்றைப் பற்றியது. மருத்துவச் சேவைக்கும் தொடர்பு எண்களை அணுகவும் ஒருவர் சேர்த்தே சம்மதித்துவிட்டாலும், சேவைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால் அவருடைய சம்மதம் சேவையோடு நின்றுவிடும். சட்டப் புத்தகத்தில் இது தெளிவு. கைபேசியிலோ, அனுமதிப் பெட்டியைத் தொட்ட கணத்திலேயே முழுப் பட்டியலும் வேறொரு கணினிக்குச் சென்றுவிடும். பின்னர் வரும் எந்தத் தீர்ப்பும் அதைத் திரும்ப வரவழைக்காது. ஆகையால் சட்டம் வகுத்த எல்லையைக் கருவியே கடைப்பிடிக்கும்படி செய்யும் வேலை இயங்குதளம் எழுதுவோரிடம் இருக்கிறது. ஒரு செயலிக்கு ஓர் எண் மட்டும் தேவையென்றால், பயனர் தேர்ந்த அந்த ஓர் எண்ணை மட்டும் கொடுத்து மற்றவற்றை மறைக்கும் வசதி ஆண்ட்ராய்டில் நெடுங்காலமாகவே உண்டு. செயலி எழுதுவோர் அதைப் பயன்படுத்த வேண்டிய கட்டாயம்தான் இல்லாதிருந்தது. ஆப்பிள் 2024இல் வெளியிட்ட ஐஓஎஸ் 18இல், செயலி முழுப் பட்டியலையும் கேட்டாலும், எந்தெந்தப் பெயர்களைக் காட்டலாம் என்று பயனரே தேர்ந்து கொடுக்கலாம்.